ஒரு தடவைதான் கேட்டார்

முதல் நாள், வாகைக்குடி ஜங்ஷனிலிருந்து ஆலம்பட்டி, நாற்பத்திரண்டு கிலோமீட்டர் என்று பயணத் திட்ட நோட்டில் எழுதிவிட்டு மங்கையர்க்கரசி பேனாவை மூடினாள். எழுதினால் இரண்டே இலக்கம். மிதித்தால்தான் அதன் சேதி தெரியும். மிதிக்கப் போவது அவள் இல்லை. மிதிக்கப் போகிறவர்களில் ஒருவர், அவளைக் கட்டிக்கொண்ட சிதம்பரநாதன், ஹாலில் சோபாவில் சாய்ந்து காலை டீப்பாய் மேல் நீட்டி, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தொப்பைமேல் வைத்துக்கொண்டு மற்ற ஏழு பேரோடும் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி. ஏழு குரலும் ஒரே நேரத்தில் கத்தின. பெடல் நண்பர்கள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எட்டுப் பேருக்கும் ஐம்பதைத் தாண்டியாயிற்று, நாலு பேருக்குச் சர்க்கரை. தை கடைசியில் நாலு நாள், நூற்றி எழுபது கிலோமீட்டர், வாகைக்குடியிலிருந்து கடற்கரையில் மணல்துறை வரைக்கும். பழைய மீட்டர்கேஜ் தடம். அகலப்பாதையை வேறு வழியாகப் போட்ட பிறகு இதைக் கைவிட்டு, தண்டவாளத்தைப் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பதினைந்து வருஷம் கருவேல முள் மண்டிக் கிடந்த மேட்டைப் போன வருஷம்தான் சுத்தம் பண்ணி, செம்மண் கொட்டி ரோலர் ஓட்டி, சைக்கிள் மட்டும் போகிற பாதை ஆக்கினார்கள். அதில் எங்கே என்ன இருக்கிறது என்று இந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். நில அளவை அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக வரைவாளர். பழைய புலப்படங்களைப் பார்த்துப் பார்த்து, ஊர் ஊராக ஒட்டி, அந்தத் தடம் முழுவதையும் ஒரே தாளில் வரைந்து கொடுத்தவள் அவள்தான். அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து எட்டுப் பேரும் சைக்கிள் பையில் வைத்துக்கொள்ளப் போகிறார்கள். அவள் பெயர் இந்த நோட்டின் மூன்றாம் பக்கத்தில், வேன் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. ஒன்று, டிரைவர் முனியாண்டி. இரண்டு, மங்கையர்க்கரசி. மூன்று, கேஸ் அடுப்பு.

மூன்றும் அவள் கையெழுத்தில்தான். அவர் சொல்லச் சொல்ல அவளேதான் எழுதினாள், போன வாரம், இதே நாற்காலியில். எழுதும்போது கை ஒரு நொடி நின்றதா? நிற்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. கை பாட்டுக்கு எழுதியது. ஆபீசில் யாரோ சொன்ன நிலத்தை யார் பேருக்கோ வரைந்து பழகிய கை. இரண்டு என்று போட்டு, மங்கை என்று கொம்பெல்லாம் வளைத்து ஆரம்பித்து, யர்க் என்று புள்ளி வைத்து, கரசி என்று முடித்தது. அரசியாம். ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க என்று ஆபீசில் சொல்வார்கள். கழுதை மேய்த்தாலும் பரவாயில்லை, அந்த மேட்டின் மேலேயாவது மேய்க்கலாம். வேன் அந்த மேட்டில் ஏறவே ஏறாது. வேன் தார்ரோட்டில் சுற்றிக்கொண்டு போய் ஆலம்பட்டியில் நிற்கும், அங்கே அவள் எட்டுப் பேருக்குச் சாம்பார் வைப்பாள், ரசம் வைப்பாள், ஜெரால்டு சாருக்கு முட்டை வேண்டும், டாக்டர் அன்வருக்கு உப்புக் குறைவாக வேண்டும், அவர்கள் வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்கி, ஆகா என்ன தடம், என்ன காற்று, ரெண்டு பக்கமும் தாமரைக் குளம் மேடம், நீங்க பாக்கணுமே என்பார்கள். அந்தக் குளத்தின் சர்வே நம்பர் அவளுக்குத் தெரியும். ஏக்கர், சென்ட் எல்லாம் தெரியும். தாமரை இருப்பது தெரியாது. படத்தில் தாமரை வரைய மாட்டார்கள்.

அவர் கேட்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது, அதுதான் சங்கடம். கேட்டார். ஐப்பசியில், மழை விட்ட ஒரு சாயங்காலம், பால்கனியில் பழைய பேப்பரை விரித்து சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவள் காப்பி கொண்டுபோய் வைத்தாள். நிமிராமலே, "நீயும் வர்றியா?" என்றார். வருகிறேன் என்கிற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாய் சொன்னது வேறு. "ஐயோ, நான் எதுக்குங்க." அவ்வளவுதான். அவர் "சரி" என்றார். அடுத்த கண்ணியில் ஒரு சொட்டு விட்டார். அவள் கதவுப் பக்கம் அப்படியே நின்றாள், அவர் இன்னொரு தடவை கேட்பார் என்று. அட, சும்மா வா, நீ நல்லா ஓட்டுவியே என்று ஒரு வார்த்தை. அவர் துணியை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டு, காப்பியில் சர்க்கரை பத்தவில்லை என்றார். போய் எடுத்து வந்தாள். அதற்குள் மறுபடி கேட்டுவிடுவாரோ என்று ஸ்பூனோடு ஓடியே வந்தாள். நினைத்தால் இப்போதுகூட உடம்பு கூசுகிறது. கேட்டவுடனே சரி என்றால் பறக்காவெட்டி என்று நினைப்பார்கள் என்று அம்மா பிடரியில் தட்டிச் சொல்லிக்கொடுத்தது. யார் வீட்டில் எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவையும் வேண்டாம். மூன்றாம் தடவை கையில் திணிப்பார்கள், அப்போது வாங்கிக்கொள்ளலாம். கொடுக்கிறவர்களுக்கும் அது தெரியும். ஊருக்கே தெரியும். ஒன்பது வயதில் மெட்ராசில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது சித்தி முறுக்கு டின்னைத் திறந்து நீட்டினாள். அரசி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சித்தி பட்டணத்துக்காரி, அப்படியா என்று மூடிவிட்டாள். டின் மூடி டப்பென்று உட்கார்ந்தது. எண்ணெய் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. அம்மா அவள் தொடையில் செல்லமாகத் தட்டி, என் பொண்ணு கௌரவம் என்றாள். அந்தக் கௌரவத்தைத்தான் நாற்பத்து நாலு வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறாள்.

சித்தியாவது பட்டணத்துக்காரி. இவருக்குத் தெரியாதா? வீட்டுக்கு யார் வந்தாலும், இன்னொரு இட்லி, இன்னும் ஒண்ணே ஒண்ணு, எனக்காக, என்று இலையை மறைக்கிற கையை விலக்கிவிட்டுப் போடுகிற மனுஷன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரைக்கூட மோர் குடிக்கச் சொல்லி மூன்று தடவை கேட்பார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தமில்லை என்பது உலகத்தில் எல்லாருடைய வேண்டாமுக்கும் பொருந்தும், அவள் வேண்டாமுக்கு மட்டும் பொருந்தாது போலிருக்கிறது. அல்லது தெரிந்துதான் கேட்டாரோ. வேண்டாம் என்றுதான் சொல்வாள், கேட்டேன் என்றும் ஆயிற்று, வரவில்லை என்றும் ஆயிற்று. இந்த இடத்துக்கு வந்தால் அவள் புத்தி மேலே போகாது. ஐப்பசியிலிருந்து இங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தச் "சரி" எப்படிப்பட்ட சரி? ஏமாந்து சொன்ன சரியா, அப்பாடா என்ற சரியா? கொஞ்சம் இழுத்துச் சொன்னாரோ? இல்லை, வெடுக்கென்றுதான். தலை நிமிர்ந்திருந்தால் முகத்தைப் பார்த்திருக்கலாம். செயினைப் பார்த்துக்கொண்டு சொன்ன சரியில் என்னத்தைக் கண்டுபிடிப்பது. முப்பது வருஷம் ஒரே கட்டிலில் படுத்தும் ஒரு சரிக்கு அர்த்தம் தெரியவில்லை, இந்த லட்சணத்தில் நூறு வருஷத்துக்கு முந்தைய புலப்படத்தில் அழிந்துபோன கோட்டைக்கூடச் சரியாகக் கண்டுபிடித்துவிடுவாள் என்று ஆபீசில் பெயர்.

"அரசி, ரெண்டாவது நாள் தண்ணி எங்க எங்க கிடைக்கும்னு கேக்குறாங்க," என்றார் ஹாலிலிருந்து. "பதினோராவது கிலோமீட்டர்ல பழைய ஸ்டேஷன் பக்கத்துல அடிபம்பு. இருபத்தி மூணுல கோயில்," என்றாள். படத்தைப் பார்க்காமலே சொன்னாள். "மேடம் கம்ப்யூட்டர் சார்," என்றது ஜெரால்டு சாரின் குரல். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். படத்தில் பென்சிலால் போட்ட சின்ன வட்டங்கள் சில இருந்தன, பதினாலு. போன கூட்டத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது டாக்டர் அன்வர் அதைப் பார்த்து, இது என்ன மேடம் என்று கேட்டார். நிழல் இருக்கிற இடம் டாக்டர் என்று சொன்னாள். பலே பலே என்றார். நிழல் இல்லை. இடிந்த ஸ்டேஷன் சுவர், கூரை போன பம்புசெட் அறை, மூன்றடி உயர ஓடைப்பாலத்தின் அடிப்பக்கம். ஒரு பெண்பிள்ளை ஒதுங்கக்கூடிய இடங்கள். இவர்கள் திட்டத்தில் டீக்கடைக்குக் கட்டம் இருந்தது, பஞ்சர் கடைக்குக் கட்டம் இருந்தது, மாத்திரைக்குக்கூட இருந்தது. அதற்கு இல்லை. இவர்களுக்கென்ன, உலகமே சுவர், திரும்பி நின்றால் முடிந்தது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒன்றாவது வேண்டும், சர்க்கரை இல்லாவிட்டாலும் ஐம்பத்து மூன்று வயது, அடக்கிக்கொண்டு மிதித்தால் அடிவயிறு கல்லாகிவிடும், தண்ணீர் குடிக்காமல் மிதித்தால் மயக்கம் வரும், அதனால் இவ்வளவு குடித்து, இங்கே இறங்கி, என்று ஆபீஸ் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு சுவராகத் தேடிக் குறித்தபோது அவள் மனதில் ஒரு சைக்கிள் போய்க்கொண்டுதான் இருந்தது. வேனில் போகிறவளுக்கு எதற்கு ஓடைப்பாலம்? வேண்டாம் என்று சொல்லி ஒரு மாதம் கழித்துத்தான் அந்த வட்டங்களைப் போட்டாள். வெட்கங்கெட்டவள்.

வெட்கங்கெட்டது அதோடு நிற்கவில்லை. மகள் கயல்விழி கல்யாணமாகிப் புனேக்குப் போனபோது விட்டுப்போன லேடீஸ் சைக்கிள் அபார்ட்மெண்ட் படிக்கட்டின் கீழே தூசி படிந்து கிடந்தது. கார்த்திகை பிறந்ததிலிருந்து விடிகாலை ஐந்தேகாலுக்கு வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு அதைத் தள்ளிக்கொண்டு போகிறாள். கேட் தாண்டி, தெருமுனை தாண்டித்தான் ஏறுவாள், யாராவது பார்த்துத் தொலைத்தால்? கள்ளப் புருஷனைப் பார்க்கப் போகிறவள்கூட இவ்வளவு பயப்பட மாட்டாள். முதல் வாரம் ரிங்ரோடு வரைக்கும் போய் வருவதற்குள் மூச்சு முட்டியது. பிறகு பத்து, பதினெட்டு, இருபத்தைந்து. அவர் ஒரு கல்யாணத்துக்குக் கரூர் போயிருந்த சனிக்கிழமை முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு! கூடல்நகர் தாண்டி, வயல் தாண்டி, ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது பெடலை விட்டுக் காலைத் தூக்கிக்கொண்டு வேகமாக இறங்கினாள், துப்பட்டா பின்னால் பறந்தது, ஒரு சத்தம் கேட்டது, யாரடா கத்துவது என்று பார்த்தால் அவள்தான். அந்தச் சந்தோஷத்தைச் சொல்வதற்கு ஒரு ஆள் இல்லை. மறுநாள் உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. மூட்டு வலி என்றாள். "வெயிட்டைக் குறை அரசி. எங்க கூட ஓட்டுறவங்கெல்லாம் பாரு, எப்படி இருக்காங்க," என்றார் அவர். வயிற்றில் போனை வைத்தால் கப்பல் மாதிரி ஏறி இறங்குகிறது, அவர் சொல்கிறார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நான் முப்பத்தெட்டு ஓட்டினேன் என்று ஒரே ஒரு வரி. ஏன் சொல்லவில்லை? கேட்டால்தானே சொல்வது. அவராகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. சைக்கிளில் புது டயர், சீட்டை ஏற்றியிருக்கிறாள், தினமும் அதைத் தாண்டித்தான் படியேறுகிறார், அடுத்தவன் சைக்கிளின் கியரைப் பத்தடி தூரத்திலிருந்தே என்ன மாடல் என்று சொல்கிற கண். அது இதைப் பார்க்கவில்லை. வீம்புக்கு வீம்பு, கடைசியில் அவள் கையில் கரண்டி.

போய் விழுந்து கிழுந்து வைத்தால்? எட்டுப் பேரும் சூழ்ந்துகொண்டு நின்றால்? எல்லாரும் முன்னே போய்விட்டு அவளுக்காகப் பாலத்தடியில் வாட்சைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால், அவர் முகம் சிறுத்துப்போய், நான் அப்பவே சொன்னேன் என்று நிற்பாரே, அது மூட்டு வலியைவிட வலிக்குமே. வேனே தேவலை. வேனில் காலை நீட்டலாம், முனியாண்டி நல்ல மனுஷன், வழியில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்துவார். இப்படித்தான். ஒவ்வொரு தடவையும் ஆசையை ஏற்றிக்கொண்டு போய் உச்சியில் வைப்பாள், இறங்குகிறபோது வேனில்தான் வந்து இறங்குவாள். அவர் ஒன்றும் கட்டிப்போடவில்லை, அடிக்கவில்லை, போகாதே என்று ஒரு சொல் சொல்லவில்லை. யாரிடம் போய் என்னவென்று முறையிடுவது? ஒரு தடவைதான் கேட்டார் என்றா? கேட்டால் சிரிப்பார்கள். அடுப்பில் பருப்பு நாலாவது விசில் அடித்தது. எழுந்து போய் அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வேன் பக்கத்தைத் திருப்பி, புளி அரைக் கிலோ என்று எழுதினாள்.

ஹாலில் பேச்சு மாறியிருந்தது. எட்டுப் பேரில் செல்வகணபதிக்கு வர முடியாதாம், மகளுக்கு அதே வாரம் நிச்சயம் வைத்துவிட்டார்களாம். "எட்டுப் பேருன்னு சொல்லி ரூம் போட்டாச்சே," என்றார் சிதம்பரநாதன். "அதுக்கென்ன சார், மேடத்தை ஒரு சைக்கிள்ல ஏத்திடுங்க," என்றார் ஜெரால்டு. போனுக்குள் எல்லாரும் சிரித்தார்கள். சிதம்பரநாதனும் சிரித்துக்கொண்டே தலையை மட்டும் சாப்பாட்டு மேஜைப் பக்கம் திருப்பி, சின்னப் பிள்ளையைக் கேட்கிற குரலில் கேட்டார். "என்ன அரசி, சைக்கிள்ல வர்றியா?"

"வர்றேன்."

அவள் யோசிக்கவில்லை. அம்மா தட்டுவதற்குப் பிடரியில் இடமே கொடுக்கவில்லை. அந்த ஒரு நொடியில் சிதம்பரநாதன் முகத்தை அவள் நேராகப் பார்த்தாள். ஐப்பசியில் செயினுக்குள் குனிந்திருந்த முகம் என்னவாக இருந்திருக்கும் என்பது இன்றைக்குத் தெரிந்தது. சிரிப்பு உதட்டில் அப்படியே இருக்க, கண் மட்டும் திடுக்கிட்டது. இலையை மறைக்கிற கையை விலக்கிவிட்டு இட்லி போடுகிறவர், போடப் போன இட்லியை யாரோ நிஜமாகவே கேட்டுவிட்டதுபோல விழித்தார். பிறகு அவர், "கேட்டீங்களா, தமாஷு பண்றா," என்றார். போன் மறுபடி சிரித்தது. மேடம் சூப்பர் என்றது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, பழக்கம்தான், வாயோரம் வந்தேவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள்.

"தமாஷ் இல்லைங்க. நான் ஓட்டுறேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓட்டியிருக்கேன். சமையலுக்கு வேற ஆளப் பாருங்க."

சிதம்பரநாதன் ஸ்பீக்கரை அணைத்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடிக் கதவு, சத்தத்தை நிறுத்துகிற கதவு இல்லை. அவர் முதுகு தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துப் பேசினார். "இல்ல ஜெரால்டு, கோவமெல்லாம் ஒண்ணுமில்ல... அந்த வயசுப்பா, உங்க வீட்டுல பாத்திருப்பீங்கள்ல... ஆமா ஆமா. இப்ப வேணாம்னு சொன்னாத்தான் பிடிவாதம் ஏறும். நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. சரின்னுருவேன். அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா? ரெண்டு நாள்ல அவளே நான் எதுக்குங்கன்னு வந்து நிப்பா."

அவர் குரலில் கோபமே இல்லை. அன்பாகக்கூட இருந்தது. முப்பது வருஷமாக அவளைத் தெரிந்தவர் சொல்கிற குரல். அரசி நோட்டை எடுத்து மூன்றாம் பக்கத்தில் தன் பெயரை அடித்தாள். ஸ்கேல் வைத்து, நேர்கோடாக. முதல் பக்கத்தைத் திருப்பி, சைக்கிள் பட்டியலில் செல்வகணபதி இருந்த இடத்தில் தன் பெயரை எழுத ஆரம்பித்தபோது, இன்று ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று மனம் தானாகவே நாள் எண்ணுவதைக் கவனித்தாள். அவர் சொன்னது நடந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.